உங்களுக்குத் தெரியுமா? பத்துமலை மாலையில் மெக்சிகோ கற்றாழை!

கற்றாழை என்றதும் முள், வேலி, வறண்ட காடு என்றுதான் மனம் போகும். ஆனால் 'அகாவே' எனப்படும் அமெரிக்கக் கற்றாழை இனம் பூமாலை, கயிறு, மருந்து, மது, விளையாட்டுப் பலகை என்று பல வேடம் கட்டியிருக்கிறது. இந்த வாரத் துணுக்குகள் பத்துமலை அடிவாரத்தில் தொடங்கி மெக்சிகோ வரை போய் வருகின்றன.

முருகன் கழுத்தில் அகாவே

பத்துமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் வாங்கும் வெள்ளைச் சம்பங்கி மாலை இருக்கிறதே, அது தாவரவியல் கணக்குப்படி அகாவே பூ! 1753-இல் லின்னேயஸ் 'போலியாந்தஸ் டியூபரோசா' என்று பெயர் வைத்த நிலச்சம்பங்கியை, மரபணு ஆய்வுகளைப் பார்த்த பிறகு 2017-இல் அகாவே இனத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இப்போது அதன் பெயர் 'அகாவே அமிகா'. வேலியில் நிற்கும் அகாவே வகையான ஆனைக் கற்றாழையின் சொந்தக்காரர்களுக்கும் சம்பங்கிக்கும் அடிப்படைக் குரோமோசோம் கணக்கு ஒன்றே: மொத்தம் 60, அதில் 10 பெரியவை, 50 சிறியவை. வெளித்தோற்றத்தில் துளி ஒற்றுமை இல்லை. உள்ளே பார்த்தால் ஒரே குடும்பம்.

சம்பங்கியும் வந்தேறிதான்

கல்யாணம், கோயில், இறுதி ஊர்வலம் என்று தமிழரின் எல்லாக் காரியத்துக்கும் வந்துவிட்ட சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. கொலம்பஸ் காலத்துக்கு முன்பே அங்கு வீட்டுத் தோட்டப் பூவாகிவிட்டது. இன்று இயற்கைக் காட்டில் அது தானாக வளரும் இடம் எதுவும் அறியப்படவில்லை. மனிதன் கிழங்கை எடுத்து நட்டு வைத்ததால்தான் இனம் பிழைத்திருக்கிறது. மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா வந்த அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து சாமிக்குச் சாத்தும் பூவும் வந்தது.

மொட்டைப் பார்த்தால் ரகம் தெரியும்

அடுத்த முறை சம்பங்கிச் சரத்தைக் கையில் எடுத்தால் மொட்டின் நுனியைப் பாருங்கள். மெழுகு பூசியது போன்ற வெள்ளைக் குழல். அதன் நுனியில் லேசாக இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் அது 'பிரஜ்வல்' அல்லது 'ஸ்ருங்கார்' வகையாக இருக்கலாம். இரண்டும் பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை. ஆறே இதழ் கொண்ட ஒற்றை அடுக்குப் பூ மாலைக்கும் வாசனை எடுக்கவும் போகும். இதழ் அடுக்கடுக்காக இருக்கும் 'சுவாசினி', 'வைபவ்' வகைகள் தண்டோடு வெட்டப்பட்டுப் பூச்சாடிக்குப் போகும். தமிழ்நாட்டில் சத்தியமங்கலம், நிலக்கோட்டை வட்டாரங்களில் இது முக்கியமான பணப்பயிர். ஒருமுறை கிழங்கு நட்டால் மூன்று ஆண்டு வரை பூப்பறிக்கலாம்.

பறித்த பிறகும் மணக்கும்

ரோஜாவைப் பறித்தால் மணம் இறங்கத் தொடங்கும். மல்லிகையும் சம்பங்கியும் அப்படியல்ல. பறித்த பிறகும் மணிக்கணக்கில் புது வாசனையைச் சுரந்துகொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் நகரத்தார் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி அதன்மேல் பூக்களைப் பரப்பி, பழைய பூவை எடுத்துப் புதுப்பூவை வைத்து, கொழுப்பு முழுக்க வாசனை ஏறும்வரை விடுவார்கள். இன்று கரைப்பான் கொண்டு எடுக்கிறார்கள். 1948-இல் வெளிவந்த 'ஃபிரகா' என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு வாசனைத் திரவியத்தின் உயிர் சம்பங்கிதான். இரவில் மணம் கூடுவதற்கும் காரணம் உண்டு: அந்திக்குப் பிறகு வரும் பருந்து அந்துப்பூச்சிகளுக்கு அது அழைப்பு.

அங்கே டெக்கீலா, இங்கே டுரியான்

மெக்சிகோவின் பெரிய அகாவேக்களுக்கு மகரந்தம் சுமப்பவை நீண்ட மூக்கு வௌவால்கள். பத்துமலைக் குகையிலும் தேன் குடிக்கும் வௌவால்கள் உண்டு. இவற்றின் வேலை டுரியான், பெத்தாய் பூக்களில். 1970-களில் நடந்த ஆய்வில், பத்துமலை வௌவால்கள் கடலோர அலையாத்திக் காட்டின் பெரெம்பாங் பூக்களைத் தேடி ஒரே இரவில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவு வரை போவது தெரியவந்தது. கோலசிலாங்கூரில் மின்மினிகள் மினுங்கும் மரமும் அதே பெரெம்பாங்தான். குகை வௌவாலை விரட்டினால் அடி விழுவது டுரியான் தோட்டக்காரர் தலையில்.

பூக்க விட்டால் பாட்டிலுக்கு முத்திரை

டெக்கீலா என்ற மதுவுக்கு வளர்க்கும் நீல அகாவேயைப் பூக்கவே விடுவதில்லை. பூந்தண்டு கிளம்பினால் உள்ளே சேர்ந்த சர்க்கரையெல்லாம் அதற்கே போய்விடும். ஆகவே முளையிலேயே வெட்டிவிடுவார்கள். வௌவாலுக்கு உணவில்லை, செடிக்கு விதையில்லை. வயல் முழுக்க ஒரே தாயின் கன்றுகள் என்பதால், ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். இதற்கு மெக்சிகோவின் வௌவால் ஆராய்ச்சியாளர் ரொட்ரிகோ மெதெயின் ஒரு வழி சொன்னார்: நூற்றில் ஐந்து செடியையாவது பூக்க விடுங்கள், பாட்டிலில் 'வௌவாலுக்கு நண்பன்' என்று முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். 2016-இல் முதல் பாட்டில்கள் வந்தன. 1988-இல் அழிவுப் பட்டியலில் சேர்ந்த சிறிய நீண்ட மூக்கு வௌவால், எண்ணிக்கை தேறி 2018-இல் அமெரிக்க அரசின் பட்டியலிலிருந்து விடுபட்டது. அந்நாட்டில் அப்படி விடுபட்ட முதல் வௌவால் இதுவே.

அலகு குத்துவது அங்கும் உண்டு

தைப்பூசத்தன்று பத்துமலையில் அலகு குத்திக்கொள்வதைப் பார்த்து வெளிநாட்டவர் வியப்பார்கள். பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் காதிலும் நாக்கிலும் கெண்டைக்காலிலும் அகாவே முள்ளால் குத்தித் தெய்வத்துக்கு இரத்தம் காணிக்கை தந்தார்கள். குருக்களும் செய்தார்கள், சாதாரண மக்களும் செய்தார்கள். அகாவேக்கு மயாவெல் என்று தனித் தெய்வமே உண்டு. நம் வழக்கில் இரத்தம் வராமல் இருப்பது அருள். அவர்கள் வழக்கில் இரத்தம் வருவதே காணிக்கை.

சோற்றுக் கற்றாழை வேறு

தலைக்குத் தேய்க்கும் சோற்றுக் கற்றாழைக்கும் அகாவேக்கும் நேரடி உறவில்லை. முன்னது அரேபியப் பக்கத்துச் செடி, பின்னது அமெரிக்கச் செடி. கண்டுபிடிக்க எளிய வழி: மடலை ஒடித்துப் பாருங்கள். வழுவழுவென்று சோறு வந்தால் சோற்றுக் கற்றாழை. நார் நாராக இழுத்து ஒடிய மறுத்தால் அகாவே. சோற்றுக் கற்றாழை வளர்ந்த பின் ஆண்டுதோறும் பூக்கும். பெரிய அகாவேக்கள் வாழ்நாளில் ஒரே முறை.

இந்த வேறுபாடு தெரியாமல் அகாவே மடலைச் சாப்பிட்டு வாய் வீங்கி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. அகாவே சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் எரிச்சல், தடிப்பு. கத்தரிக்கும்போது கையுறை போடுங்கள்; முகத்தில் பூசும் யோசனையே வேண்டாம்.

பகலில் மூச்சை அடக்கும் செடி

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கும். கூடவே நீரும் ஆவியாகிப் போகும். அகாவே பகலில் துளையைச் சாத்திக்கொள்ளும். இரவின் குளுமையில் திறந்து வாயுவை இழுத்து அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் சர்க்கரையாக்கும். ஜோகூர் அன்னாசியும் டிராகன் பழமும் செய்வது இதே வேலைதான்.

80 ஆண்டு காத்திருந்த செடி

ஆனைக் கற்றாழைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரைக் கேட்டால் நூறாண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்று தோன்றும். உண்மையில் வெளியில் வளர்ந்தால் 10 முதல் 30 ஆண்டில் பூத்துவிடும். விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்கு 1934-இல் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு செடி 2014-இல்தான் பூத்தது. பூந்தண்டு கண்ணாடிக் கூரையைத் தொட்டுவிட்டது. ஒரு கண்ணாடியைக் கழற்றி வழிவிட்டார்கள். பூத்து முடிந்ததும், எல்லாப் பெரிய அகாவேக்களையும் போல, தாய்ச்செடி காய்ந்தது.

மடலில் பெயர் எழுதிய தலைமுறை

சேலம், திருச்சி, மதுரை பக்கத்துக் கிராமங்களில் ரயில் பாதை ஓரமும் கரட்டு நிலத்து வேலியும் ஆனைக் கற்றாழையாகவே இருக்கும். ஆடுமாடு தாண்டாது. மடலில் முள்ளால் கீறிப் பெயர் எழுதினால் அந்தத் தழும்பு மடல் காயும்வரை அழியாது. காதலர் பெயர், கட்சிப் பெயர், பரீட்சை எண் எல்லாம் அதில் பார்க்கலாம். மடலை நீரில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து, சதையைக் கழுவித் தள்ளினால் வெள்ளை நார் மிஞ்சும். கிணற்றுக் கயிறும் மாட்டுக் கயிறும் கட்டில் கயிறும் அதில் திரித்தார்கள். நைலான் வந்தது, ஊறல் குழி தூர்ந்தது. மலாயாவுக்குக் கப்பலேறிய பலரின் ஊர் எல்லையில் நின்றது இந்த மெக்சிகோ செடிதான்.

62 கன்றில் எழுந்த நாடு

கயிற்றுக்கென்றே வளர்க்கும் அகாவே வகை சிசல். 1893-இல் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து 1,000 கன்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வரவழைத்தார். உயிரோடு தங்கியவை 62. அந்த 62-லிருந்து பெருகியதே இன்றைய தான்சானியாவின் சிசல் தோட்டத் தொழில். ஒருகாலத்தில் உலகச் சந்தையே அதன் கையில் இருந்தது. இன்று முதலிடம் பிரேசிலுக்கு. மடலின் எடையில் நார் வெறும் 3 முதல் 4 விழுக்காடுதான், மீதி சக்கை. இந்தியாவில் சிசல் ஆராய்ச்சி நிலையம் ஒடிசாவின் பாம்ராவில் இருக்கிறது.

ரப்பர் தோட்டத்துக்கு ஒரு மெக்சிகோ சகோதரன்

மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் ஹெனிக்கேன் என்ற அகாவே வகை 'பச்சைத் தங்கம்' எனப்பட்டது. அமெரிக்க வயல்களில் அறுவடை இயந்திரம் கதிர்க்கட்டைக் கட்ட இந்த நாரில் திரித்த கயிறுதான் போனது. முதலாளிகள் மாளிகை கட்டினார்கள். மாயா இனக் கூலிகள் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். 1905-இல் ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட கொரியர்களை ஒப்பந்தத்தில் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. துரை, லயம், கடன், ஒப்பந்தம் என்று நம் தாத்தா பாட்டி சொன்ன கதையில் மரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

டார்ட் பலகையும் அகாவே

கிளப்பில் அம்பு எறிந்து விளையாடும் டார்ட் பலகையை உற்றுப் பாருங்கள். அது மரமல்ல, சிசல் நாரை நறுக்கிச் செங்குத்தாக நெருக்கிக் கட்டியது. அம்பு குத்தும்போது நார்கள் விலகும், பிடுங்கியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பலகையில் ஓட்டை நிற்பதில்லை. 1930-களில் வந்த யோசனை இது.

சக்கையில் மருந்து

நார் எடுத்தபின் மிஞ்சும் சிசல் சாற்றில் ஹெகோஜெனின் என்ற பொருள் இருக்கிறது. மூட்டுவாதத்துக்கும் ஒவ்வாமைக்கும் தரும் கார்டிசோன் வகை ஸ்டீராய்டு மருந்துகளைத் தயாரிக்க 1950-கள் தொட்டு இது மூலப்பொருளானது. கயிற்று ஆலைக் கழிவில் மருந்து ஆலைக்குச் சரக்கு!

சர்க்கரை நோயாளிக்கு 'அகாவே பாகு' நல்லதா?

கோலாலம்பூர் பேரங்காடிகளில் 'அகாவே நெக்டர்' பாட்டிலை ஆரோக்கியப் பொருள் அடுக்கில் வைத்திருப்பார்கள். இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது என்பது உண்மை. காரணம், அதில் பாதிக்கும் மேல் ஃபிரக்டோஸ். அந்த ஃபிரக்டோஸ் நேரே கல்லீரலுக்குப் போகும். அளவு மிஞ்சினால் கொழுப்பாகப் படியும். சீனியைவிட இனிப்பு அதிகம் என்பதால் கொஞ்சமாக ஊற்றினால் போதும். 'இது சீனி இல்லையே' என்று தே தாரிக்கில் தாராளமாகக் கலக்கினால் பலன் இல்லை.

ஒரு வரியில்...

* அகாவே இனத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவற்றின் தாயகம் மெக்சிகோ.
* 1974 முதல் 'டெக்கீலா' என்ற பெயர் மெக்சிகோவின் குறிப்பிட்ட பகுதிகளுக்கே சட்டப்படி சொந்தம்.
* வில்லுக்கு நாண் திரித்த நம் நாட்டு மருளும், தண்ணீர்விட்டான் கிழங்கும் அகாவேயின் குடும்பத்தைச் சேர்ந்தவை.
* மொரிஷியஸில் சர்க்கரை மூட்டைக்குச் சாக்கு நெய்தது அகாவேயின் ஒன்றுவிட்ட உறவான சீமைக் கற்றாழை நாரில்.
* மெக்சிகோவின் குவாதலூப்பே மாதா உருவம் 1531-இல் பதிந்ததாக நம்பப்படும் மேலாடை அகாவே நாரில் நெய்தது என்பது அங்குள்ள மரபு.

சுண்ணாம்புக் குன்றின் பாடம்

பத்துமலை அடிக்கடி மழை பார்க்கும் ஊரில் இருக்கிறது. ஆனாலும் குன்றின் உச்சிப் பாறையில் வளரும் செடிகள் வறட்சிக்குப் பழகியவை. சுண்ணாம்புக்கல்லில் மண் குறைவு. மழை நின்றதும் நீர் விரிசல் வழியே இறங்கிவிடும். தாவரவியலாளர் ரூத் கியூ 2014-இல் வெளியிட்ட பட்டியலில் இந்த ஒரே குன்றில் 366 வகை இயற்கைத் தாவரங்கள் இருக்கின்றன. விக்டோரியா ராணியின் பெயர் கொண்ட அழகிய குட்டி அகாவேயும் மெக்சிகோவில் இப்படிப்பட்ட சுண்ணாம்புப் பாறையில்தான் வளர்கிறது. அதற்காக வாங்கிய செடியைக் கொண்டுபோய்ப் பத்துமலைப் பாறையில் நட்டுவிடாதீர்கள். வெளிச்செடி வேரூன்றினால் உள்ளூர்ச் செடிக்கு இடம் போய்விடும்.

எங்கே வாங்கலாம்?

பத்துமலைக்கு மேற்கே, சுங்கை பூலோவில் சாலையோரம் வரிசையாக நாற்றுப்பண்ணைகள் இருக்கின்றன. 1930-இல் அங்கே தொழுநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பு அமைந்தது. வெளியுலகம் ஒதுக்கிய அந்த மக்கள் செடி வளர்த்து விற்றுத் தங்கள் காலில் நின்றார்கள். அந்தத் தொழில்தான் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய செடிச் சந்தைகளில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது.

எந்த வகை எந்த வீட்டுக்கு?

குழந்தைகள் ஓடும் வீட்டுக்கு 'அட்டனுவாட்டா'. முள்ளே இல்லாத சாம்பல் பச்சை மடல். பூத்தால் தண்டு யானைத் தும்பிக்கை போல வளைந்து இறங்கும். கொண்டோமினிய வாசல்களில் நிறையப் பார்க்கலாம். வேலியோரத்துக்கு, மடலின் இரு விளிம்பிலும் வெள்ளைக்கோடு ஓடும் 'அங்குஸ்டிஃபோலியா'. மழை வெயில் இரண்டையும் தாங்கும், ஆனால் நுனி கத்தி. ஜன்னலோரத் தொட்டிக்கு விக்டோரியா ராணி. சேகரிப்பவர்கள் தேடுவது 'டைட்டனோட்டா': கொம்பு கொம்பாக வளைந்த முள்ளும் வெளிறிய மடலும் கொண்டது. தைவான், தாய்லாந்து, ஜப்பான் ஆர்வலர்கள் இதன் விலையை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். திசு வளர்ப்பில் கன்றுகள் பெருகியபின் நடுத்தர வீட்டுக்கும் எட்டுகிறது.

நம் மழையில் வளர்ப்பது எப்படி?

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அகாவே இங்கே சாவது வெயிலால் அல்ல, ஈரத்தால். ஆகவே மண் கலவையில் பாதிக்கு மேல் கரடுமுரடான பொருள் வேண்டும்: பெருமணல், எரிமலைக்கல், பெர்லைட், நொறுக்கிய கரி. மீதிக்குச் சுட்ட மண். களிமண்ணும் தென்னைநார்த் தூளும் நீரைப் பிடித்துவைத்து வேரை அழுகவைத்துவிடும். தொட்டிக்கு அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கட்டும். நல்ல வெளிச்சம் விழும் தாழ்வாரத்தின் விளிம்பு சரியான இடம். மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். நடுக்குருத்தில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். அடிமடல் மஞ்சளாகி அடித்தண்டு அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. உடனே பிடுங்கி, அழுகிய பகுதியை வெட்டி, சில நாள் நிழலில் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள்.

தட்டில் தண்ணீர், வாசலில் அதிகாரி

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் அகன்ற மடல் இடுக்கிலும் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு அபராதம். தட்டை எடுத்துவிடுங்கள், அகாவேக்கு அது தேவையும் இல்லை. வாரம் ஒருமுறை மடல் இடுக்கைக் குழாய் நீரால் பீய்ச்சி அலசினால் புழு தங்காது. நடைபாதைப் பக்கம் நீட்டும் முள்ளின் நுனியை மட்டும் நகவெட்டியால் கிள்ளிவிடலாம். மடலை வெட்ட வேண்டாம், அந்தக் காயம் ஆறாத வடுவாகும்.

காசில்லாமல் கன்று

அகாவே பூத்துவிட்டால் உரம் போட்டும் தண்டை வெட்டியும் தாயைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், நடக்காது. ஆனால் சிசல், அங்குஸ்டிஃபோலியா போன்றவை பூந்தண்டிலேயே வேரோடு கூடிய குட்டிக் கன்றுகளை நூற்றுக்கணக்கில் விடும். ஒரு விரல் நீளம் வந்ததும் தொட்டாலே கையோடு வரும். மணலில் செருகி வைத்தால் சில வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆகவே உங்கள் குடியிருப்பில் எங்கேனும் கற்றாழைத் தண்டு கம்பம்போல் உயர்வதைப் பார்த்தால், தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடையில் ரிங்கிட் எண்ணிக் கொடுத்து வாங்கும் செடி, அங்கே தரையில் உதிர்ந்து கிடக்கும்.